டாக்டரம்மா காரின் கிளட்ச்

தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலைப் பக்கம் போய் கிளட்ச் மாறன் பட்டறை எது என்று கேட்டால், டீக்கடைக்காரர்கூட கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து கை காட்டுவார். முழுப்பெயர் நெடுமாறன். வயது நாற்பத்து மூன்று. பிரேக், என்ஜின், சஸ்பென்ஷன் எல்லாம் பார்ப்பான் என்றாலும் ஊர் அவனுக்கு வைத்த பெயர் அதுதான். கார் வாசலில் வந்து நிற்பதற்குள் கருகல் வாடைக்கு மூக்கை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "கால கிளட்ச்லயே வச்சிக்கிட்டு ஓட்டுறீங்களே சார், கால் வைக்கத்தான் பக்கத்துல ஒரு எடம் விட்டிருக்கான்ல" என்பான். ஓட்டி வந்தவர் காலை எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

பிறந்தது ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில். அப்பா அரசப்பன் ஊரார் வயலில் நாற்றுப் பறித்து, கட்டுத் தூக்கி, பிற்பாடு நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர். மகன் சேற்றில் இறங்க வேண்டாம் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பத்தாவது முடித்ததும் தஞ்சாவூர் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் சேர்த்துவிட்டார். அங்கே பக்கத்து இடத்தில் உட்கார்ந்தவன்தான் அறிவுச்செல்வன். பூதலூர்ப் பக்கத்துப் பையன். படம் வரைவதில் கெட்டிக்காரன். கை வேலை என்று வந்துவிட்டால் விரல் நடுங்கும்.

கிளட்ச்சைப் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. என்ஜின் பக்கம் சுழலும் கனமான இரும்புச் சக்கரம் ஃப்ளைவீல். அதன்மேல் அமுக்கிப் பிடிக்கும் மூடி பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் உரசிப் பிடித்துக்கொள்கிற வட்டமான தட்டு. இந்தத் தட்டு ஒரு நூல் விலகி உட்கார்ந்தாலும் கியர்பாக்ஸ் உள்ளே ஏறாது. ஆறு பேர் சேர்ந்து முட்டினாலும் ஏறாது. அறிவுச்செல்வன் மூன்று நாள் முட்டிப் பார்த்துவிட்டுக் கண் கலங்கி நின்றான். மாறன்தான் ஒரு பழைய கியர்பாக்ஸ் தண்டைத் தேடி எடுத்து வந்து, அதை நடுவில் செருகித் தட்டை நேராக்கிக் காட்டினான். "இப்ப தள்ளுடா" என்றான். கியர்பாக்ஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அறிவு அவனைக் கட்டிக்கொண்டான்.

படிப்பு முடித்து நான்கைந்து வருஷம் இருவரும் ஒரே கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தார்கள். அப்போது ஷார்ஜாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று திருச்சியில் செய்முறைத் தேர்வு நடந்தது. மாறன் முதலாவதாகத் தேறினான், அறிவு ஏழாவது. போனது அறிவு மட்டும்தான். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசில்லை என்று மாறன் எல்லோரிடமும் சொன்னான். விமானத்தில் ஏற அவனுக்குப் பயம் என்பது பின்னால் கட்டிக்கொண்ட செம்மொழிக்கு மட்டும்தான் தெரியும்.

பதினைந்து வருஷம் போயிற்று. மாறன் சொந்தப் பட்டறை போட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். செம்மொழி அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில் அறிவுச்செல்வன் ஊர் திரும்பினான்.

திரும்பியவன் பைபாஸில் பட்டறை திறந்தான். தரையில் சாம்பல் நிறப் பூச்சு, கால் வைத்தால் வழுக்கும் போலப் பளபளத்தது. காரை ஆள் உயரத்துக்குத் தூக்கும் லிஃப்ட் இரண்டு. ஒரு மேசை, ஒரு லேப்டாப். டர்போ என்ஜின் கார்களின் மூளையான கம்ப்யூட்டருக்குள் புகுந்து கணக்குகளை மாற்றி எழுதி, கம்பெனி கொடுத்ததைவிட அதிக இழுவை வரவைப்பது அவன் தொழில். கும்பகோணம், திருவாரூர், முத்துப்பேட்டை என்று எங்கிருந்தெல்லாமோ கார்கள் வந்தன. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்தவர்கள், பிள்ளைக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தவர்கள், பந்தய வெறி பிடித்த என்ஜினியர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள்.

திறப்பு விழாவுக்கு மாறன் போயிருந்தான். அறிவு எல்லோர் முன்னாலும் அவன் தோளில் கை போட்டு, "எனக்குத் தொழில் கத்துக் குடுத்ததே இவன்தான்" என்றான். கூட்டம் கைதட்டியது. மாறனுக்கு அந்தக் கைதட்டல் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கற்றுக்கொடுத்தவன் தகரக் கொட்டகையில் இருக்கிறான், கற்றுக்கொண்டவன் இங்கே இருக்கிறான் என்று அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள் அல்லவா?

அன்று தொடங்கியது. வீட்டுக்குப் போக பைபாஸ் சுற்றுவழி. ஆனாலும் அந்தப் பக்கமாகத்தான் வண்டியை ஓட்டினான், வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணுவதற்காக. ஏழு நின்றால் சாப்பாடு இறங்காது. இரண்டு நின்றால் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிப் போவான். பெரிய மகளின் போனை வாங்கி அறிவு தன் வேலையைப் பற்றி யூடியூபில் போடும் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற எண்ணைத்தான் முதலில் பார்ப்பான்.

"அப்பா, நீங்க பாக்குறதுலதான் அந்த மாமாவுக்கு வியூஸ் ஏறுது" என்றாள் மகள்.

செம்மொழி சிரித்துவிட்டாள். மாறன் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து போனான்.

டாக்டர் பிரகதீஸ்வரி விஷயத்தில் அது முற்றியது.

டாக்டரம்மா ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் சொல்லிக்கொடுப்பவர். மாட்டுப் பிரசவத்தில் பெயர் எடுத்தவர். சுற்று வட்டாரத்தில் கன்று சிக்கிக்கொண்டது என்றால் அவரிடம் படித்துவிட்டு வேலைக்குப் போன இளம் டாக்டர்கள் அவருக்குத்தான் போன் போடுவார்கள். எட்டு வருஷமாக மாறனின் வாடிக்கைக்காரர். அவரிடம் ஒரு சின்ன டர்போ பெட்ரோல் கார் இருந்தது. பின்சீட்டில் கன்று இழுக்கும் சங்கிலி, முழங்கை வரை வரும் கையுறைகள், மருந்துப் பெட்டி. ஆனால் ஓட்டுவதைப் பார்த்தால் டாக்டர் என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு இரண்டு முறை கோயம்புத்தூர் போய் மைதானத்தில் கூம்பு வைத்து அதைச் சுற்றி வளைத்து ஓட்டும் போட்டியில் கலந்துகொண்டு கோப்பையோடு வருவார். அதில் ஒன்றை மாறனின் பட்டறை அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த டாக்டரம்மா மாறனிடம் சொல்லாமல் அறிவிடம் போய் காரின் மூளையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"எப்படி இழுக்குது தெரியுமா மாறன்? ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்று சாவியை நீட்டினார்.

மாறன் ஓட்டினான். நாலாவது கியரில் அழுத்தியதும் என்ஜின் கத்தியது, கார் அந்த அளவுக்கு ஓடவில்லை. கிளட்ச் வழுக்கியது. இறங்கும்போது அவனுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"இழுவைய ஏத்துனா போதுமாங்க? அதத் தாங்குறதுக்கு கிளட்ச் வேணாமா? கம்பெனி கிளட்ச் புதுசாப் போட்டுத் தரேன். வேற எதுவும் வேண்டாம்."

போட்டுக் கொடுத்தான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. நாலாயிரம் கிலோமீட்டரில் அதுவும் வழுக்கியது. கம்பெனி கிளட்ச் எவ்வளவு இழுவைக்குச் செய்யப்பட்டதோ அதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இப்போது என்ஜின் இழுத்தது. வழுக்காமல் என்ன செய்யும்? மாறனுக்கு அது தெரியாதா என்றால் தெரியும். ஆனால் வேறு கிளட்ச் வேண்டும் என்று சொன்னால், அறிவிடம் போங்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நேராக பைபாஸுக்குப் போனார். அறிவு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கிளட்ச் ஒன்றைப் போட்டான். அதிக அழுத்தமுள்ள பிரஷர் பிளேட், சூடு தாங்குகிற வேறு வகை உரசுதட்டு. ஃப்ளைவீலைக் கடைந்து சமப்படுத்தினான். அதோடு டாக்டரம்மாவிடம் கண்டிப்பாக ஒன்று சொன்னான்: முதல் ஆயிரம் கிலோமீட்டர் முழு இழுவை கொடுக்கக் கூடாது, ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டித் தட்டையும் ஃப்ளைவீலையும் ஒன்றோடொன்று பழகவிட வேண்டும்.

அடுத்த முறை பிரேக் பார்க்க மாறனிடம் வந்தபோது டாக்டரம்மா இதைச் சொன்னார். பிரேக் வேலைக்கு இன்னமும் அவனிடம்தான் வந்தார். "புது மாட்டப் பழக்குற மாதிரி பழக்கணும்னாரு உங்க ஃப்ரெண்டு. எனக்கு அது டக்குனு புரிஞ்சிடுச்சு" என்று சிரித்தார்.

"வெளி கிளட்ச்செல்லாம் பந்தயத்துக்குத்தாங்க. நம்ம ரோட்டுக்குத் தாங்காது" என்றான் மாறன். "நீங்களே பாருங்க, பதினஞ்சாயிரம் தாண்டாது."

இதை அவன் டாக்டரம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. உதிரிபாகக் கடையில் சொன்னான். டீக்கடையில் சொன்னான். சொல்லச் சொல்ல அது பந்தயம் கட்டியது போல ஆகிவிட்டது.

பிறகு கிலோமீட்டரைக் கவனிக்கத் தொடங்கினான். கார் வந்ததும் சாவியை வாங்கி, முதல் வேலையாக மீட்டரைப் பார்ப்பான். ஆறாயிரம். ஒரு ரவுண்டு போய் நாலாவது கியரில் அழுத்துவான். பிடி இரும்பு மாதிரி இருந்தது. பதினோராயிரம். அப்படியேதான். அந்தக் கார் போகிற பாதையோ சாதாரணப் பாதை இல்லை. குறுவை, சம்பா, தாளடி என்று எந்த அறுவடையிலும் பாதி ரோட்டில் நெல் காயும், மீதி ரோட்டில் அறுவடை மெஷின் ஊர்ந்து போகும். பின்னால் போகிற காரின் கிளட்ச் ஒரு மைலுக்கு நூறு தடவை மிதிபடும். பதினைந்தாயிரம் தாண்டியது. பதினெட்டாயிரத்தில் கோயம்புத்தூர் போட்டி ஒன்றும் முடிந்து டாக்டரம்மா இன்னொரு கோப்பையோடு வந்தார். இந்தக் கோப்பையை அறிவின் பட்டறையில் கொடுத்துவிட்டதாக வெள்ளையாகச் சொன்னார்.

அவர் போனதும் மாறன் அலமாரியில் இருந்த பழைய கோப்பையைத் துடைப்பதுபோல எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். ஒரு இரும்புத் தட்டு உடைய வேண்டும் என்று ஒரு மனுஷன் இத்தனை நாள் காத்திருக்க முடியுமா என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. ஆனால் காத்திருப்பதை விட முடியவில்லை.

பொங்கல் முடிந்த வாரம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்தார். மீட்டரில் கிளட்ச் போட்டபின் இருபத்திரண்டாயிரம்.

"பிரேக் ஆயில் லைட் எரியுது மாறன். நாளைக்கு வெளியூர் வேலை நெறைய இருக்கு. கொஞ்சம் பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா எதிரே மருந்துக்கடைக்குப் போனார்.

நாலு சக்கரத்திலும் பிரேக் ஆயில் கசிவு இல்லை. மாறன் ஜாக்கி வைத்துக் காருக்கு அடியில் படுத்தான். என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில், அடியில் உள்ள சின்னத் துவாரத்தின் ஓரம் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு மூக்கருகில் கொண்டுபோனான். என்ஜின் ஆயில் இல்லை, பிரேக் ஆயில். விஷயம் நொடியில் விளங்கிவிட்டது. அந்தக் காரில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஆயில் ஒரே டப்பாவிலிருந்துதான் போகிறது. பெடலை மிதித்தால் அந்த ஆயில் போய்க் கிளட்ச்சைத் தள்ளிவிடும் சின்ன சிலிண்டர் ஒன்று கியர்பாக்ஸுக்குள் இருக்கும். புதுக் கிளட்ச்சின் அழுத்தம் அதிகம். பழைய சிலிண்டரால் அதைத் தள்ளித் தள்ளித் தாங்க முடியவில்லை. உள்ளே கசிகிறது. அறிவு கிளட்ச்சை மாற்றியபோது சிலிண்டரை மாற்றாமல் விட்டிருக்கிறான்.

தப்பு செய்திருக்கிறான்.

காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே மாறன் சிரித்தான். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நெஞ்சு லேசானது போல இருந்தது. இப்போதே கழற்றி அந்தச் சிலிண்டரை மாற்றினால் ஒரு நாள் வேலை, கிளட்ச்சுக்கு ஒன்றும் ஆகாது. விட்டால் இன்று இல்லை நாளை பெடல் அப்படியே உள்ளே போய்விடும், ஆயில் தெறித்துத் தட்டும் நனைந்து பாழாகும். ஊர் அதைச் சிலிண்டர் என்றா சொல்லும்? அறிவு போட்ட கிளட்ச் போய்விட்டது என்றுதான் சொல்லும்.

பிரேக்குக்கு ஆபத்தில்லை, டப்பாவில் கிளட்ச் குழாய் மேலே இருக்கிறது, பிரேக்குக்குரிய ஆயில் அடியில் தங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெளியே வந்து டப்பாவை நிரப்பினான். துணியால் துவாரத்தின் ஈரத்தைத் துடைத்தான். அந்தத் துடைப்பைத்தான் பின்னால் அவனால் மறக்க முடியவில்லை.

டாக்டரம்மா வந்தார். "என்ன மாறன்?"

"ஆயில் கொறைஞ்சிருந்துச்சு மேடம். ஊத்திட்டேன்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"எல்லாம் சரியா இருக்குங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் டாக்டரம்மாவுக்கு ஒரு போன் வந்தது. வடுவூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ராஜாத்தி என்ற பெண்ணின் பசுவுக்குக் கன்று குறுக்காகத் திரும்பிக் கிடந்தது. உள்ளூர் டாக்டர் இரண்டு மணி நேரம் போராடிவிட்டுக் கூப்பிட்டார். டாக்டரம்மா கிளம்பினார். வடவாற்றுப் பாலத்துக்கு ஏறும் வழியில் ஒரு அறுவடை மெஷின் முன்னால் ஊர்ந்தது. பின்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரிகள். பாலத்தின் நடுவில் கிளட்ச் பெடல் காலோடு போய்த் தரையில் ஒட்டிக்கொண்டது. திரும்ப எழவே இல்லை. கியரும் மாறவில்லை. கார் குலுங்கி நின்றது. குறுகலான பாலம். முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. எட்டுப் பேர் சேர்ந்து காரைத் தள்ளிப் பாலத்தை விட்டு இறக்கி ஓரங்கட்டவே முக்கால் மணி ஆயிற்று. பிறகு யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பெட்டியையும் சங்கிலியையும் மடியில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா போய்ச் சேர்ந்தபோது கன்று உள்ளேயே செத்திருந்தது. கன்றை வெளியே எடுத்தார். சாயங்காலம் பசுவும் போய்விட்டது.

இதெல்லாம் மாறனுக்கு உடனே தெரியாது. அவனுக்கு வந்த செய்தி கிளட்ச் போய்விட்டது என்பது மட்டும்தான். உதிரிபாகக் கடைக்காரர் போனில் சிரித்தார். "நீ சொன்னது பலிச்சிடுச்சுய்யா. ஊரெல்லாம் அறிவு கிளட்ச்சுதான் பேச்சு." முன்கூட்டியே சரியாகச் சொன்னதற்காக டீக்கடையில் இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். மாறன் அடக்கமாகத் தலையை ஆட்டினான். அன்று பைபாஸ் வழியாக மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். வாசலில் ஒரே ஒரு கார் நின்றது.

மறுநாள் காரை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மாறனின் பட்டறையில்தான் இறக்கினார்கள். கூடவே டாக்டரம்மா வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"நீங்க சொன்னதுதான் சரி மாறன். நான்தான் கேக்கல. கழட்டிப் பாருங்க" என்றார். பிறகு பசுவைப் பற்றிச் சொன்னார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னார். "ஒரு மணி நேரம் முந்திப் போயிருந்தா தாயையாவது காப்பாத்தியிருப்பேன். அந்தம்மாவுக்கு அது ஒண்ணுதான் மாடு. அதோட கழுத்தக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டாங்க. எழுப்ப முடியல."

மாறன் ஸ்பேனரை எடுத்தான்.

கியர்பாக்ஸை இறக்கினான். சிலிண்டர் கிழிந்து கிடந்தது. கிளட்ச் முழுக்க ஆயில். தட்டைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, அளவுக்கருவி வைத்துத் தடிமனைப் பார்த்தான். நம்பாமல் மூன்று இடத்தில் அளந்தான். இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியும், இரண்டு போட்டி கண்டும், தேய்மானம் கால் பங்குகூட இல்லை. ஃப்ளைவீலில் சூடேறிய நீலத் திட்டு ஒன்று இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. இன்னும் அறுபதாயிரம் ஓடியிருக்கும். அறிவு தேர்ந்தெடுத்ததும் சரி, பழக்கச் சொன்னதும் சரி. மாறன் பார்த்த கிளட்ச்சுகளிலேயே ஒழுங்காகத் தேய்ந்தது அதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்குப் பொறாமை போகவில்லை. முன்பைவிடக் கூடியது. அதன்மேல் வேறு ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம். அறிவுச்செல்வன். யாரும் கூப்பிடாமலே வந்திருந்தான். டாக்டரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நேராக வந்து சிலிண்டரைக் கையில் எடுத்தான். ஒரு நிமிஷம் பார்த்தான்.

"என் தப்புங்க மேடம்" என்றான். "அழுத்தம் ஜாஸ்தி உள்ள கிளட்ச் போடும்போது இதையும் புதுசா மாத்தியிருக்கணும். பழசு நல்லாதான் இருக்குன்னு விட்டுட்டேன். ஷார்ஜாவுல யாராச்சும் இப்படிப் பண்ணியிருந்தா நானே திட்டியிருப்பேன். அந்த மாட்டுக்காரம்மா வீடு எங்கன்னு சொல்லுங்க. நான் போறேன்."

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான். குரல் தழுதழுக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. மாறனுக்கு அந்த நேரத்தில் அறிவின் லிஃப்ட், லேப்டாப், வாசலில் நிற்கும் கார்கள் எதன்மேலும் பொறாமை வரவில்லை. 'என் தப்பு' என்று இப்படி நின்று சொல்ல முடிகிறதே, அதன்மேல் வந்தது. தன்னால் அது முடியாது என்று தெரிந்தது.

டாக்டரம்மா, "சரி, விடுங்க. தெரிஞ்சா பண்ணீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் மாறன் வாயைத் திறந்தான்.

"எனக்குத் தெரியும் மேடம்."

இருவரும் திரும்பினார்கள்.

"முந்தாநாள் அடியில படுத்தப்பவே பாத்துட்டேன். சிலிண்டர் கசியிறது தெரிஞ்சுது. தொடச்சி விட்டுட்டு ஆயில ஊத்திட்டேன். அறிவு போட்ட கிளட்ச் போவட்டும்னு..."

டாக்டரம்மா அவனையே பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தான். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் கேட்டேனே மாறன்" என்றார் மெதுவாக. "வேற ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேனே." பையை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி ஆட்டோவைக் கைகாட்டினார்.

அறிவு சிலிண்டரை மேசைமேல் வைத்தான். "எம்மேல என்னடா அவ்வளவு கோவம்?" என்று கேட்டான். மாறனுக்கு அறிவு ஒரு கெடுதலும் செய்ததில்லை. "வண்டிய லாரி வச்சு நான் எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, கழற்றிய சாமான்களை ஒவ்வொன்றாகத் தன் காரில் ஏற்றினான். கிளட்ச் தட்டைத் துணியில் சுற்றி மாறன்தான் எடுத்துக் கொடுத்தான். அறிவு அதை வாங்கிக்கொண்டான், முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் செம்மொழியிடம் சொன்னான். அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "ரத்தத்துல சர்க்கரை எறநூறு இருக்குன்னு தெரிஞ்சும் நூறுன்னு எழுதிக் குடுத்தா என்னைய என்ன சொல்லுவ?" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் மாறன் ராஜாத்தியைத் தேடிப் போனான். ஊரின் கடைசித் தெருவில் வீடு. கொட்டில் கழுவி விடப்பட்டுக் காலியாக இருந்தது. ஐம்பது வயதிருக்கும், களத்தில் நெல் தூற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முந்தின நாளே அறிவு வந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். அங்கேயும் அவனுக்கு முன்னால் அறிவு.

"நீங்க யாரு?"

"அந்த டாக்டரம்மா கார பாக்குற மெக்கானிக்குங்க. கார் நிக்கப்போறது எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

ராஜாத்தி முறத்தைக் கீழே வைத்தாள். சிலிண்டர், ஆயில் என்று அவன் விளக்க ஆரம்பித்ததைக் கையசைத்து நிறுத்தினாள்.

"தெரிஞ்சே விட்டீங்களா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"கூட்டாளி ஒருத்தன் மேல பொறாமை. நேத்து வந்தாருல்ல, அவர் மேல."

"அது அவரு மாடா?" என்று கேட்டாள் ராஜாத்தி.

மாறனுக்குத் தலை தாழ்ந்தது.

"போங்க" என்றாள். "இன்னொரு தடவ இங்க வராதீங்க. நீங்க நல்லவங்களா இருந்தாலும் சரி, வராதீங்க." முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாறன் தன் வாயாலேயே உதிரிபாகக் கடையிலும் டீக்கடையிலும் நடந்ததைச் சொல்லிவிட்டான். சிலர் அவன் பட்டறைக்கு வருவதை நிறுத்தினார்கள். சிலர் இன்னமும் வருகிறார்கள். இப்போது எந்தக் கார் வந்தாலும் கண்ணில் பட்ட அத்தனை குறையையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறான். கேட்காததையும் எழுதுகிறான். வேலை பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைக்கிறவர்களும் உண்டு. டர்போ காரில் இழுவையை ஏற்றிக்கொண்டு யாராவது வந்தால், "கம்பெனி கிளட்ச் தாங்காதுங்க, பைபாஸுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்புகிறான். ஒவ்வொரு முறையும் சொல்லக் கசக்கிறது. சொல்லிவிடுகிறான்.

டாக்டரம்மா காருக்கு அறிவு புது சிலிண்டரும் புதுத் தட்டும் போட்டுக் கொடுத்தான். டாக்டரம்மா மாறனிடம் வரவே இல்லை. ராஜாத்திக்கு ஒரு சினைப்பசு வந்து சேர்ந்ததாகவும், டாக்டரம்மாவும் அறிவும் சேர்ந்து ஏற்பாடு செய்ததாகவும் கேள்விப்பட்டான். தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி அறிவுக்குச் செய்தி அனுப்பியிருந்தான். பதில் வரவில்லை.

சென்ற மாதம் அறிவு ஒரு வீடியோ போட்டான். அழுத்தமுள்ள கிளட்ச் போடுகிறவர்கள் சிலிண்டரையும் கட்டாயம் மாற்ற வேண்டும், தான் அதை மாற்றாமல் விட்டு ஒரு பசு போய்விட்டது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். மாறனின் பெயரை எடுக்கவில்லை. தட்டை நேராக்கிப் பொருத்துவதைக் காட்டும்போது, "இத எனக்கு ஐ.டி.ஐ.ல ஒரு கூட்டாளி கத்துக் குடுத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டான்.

மாறன் அதைப் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் போனிலேயே பார்த்தான். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அந்தப் பழைய பொறாமை கிளம்பியதை அவன் மறைத்துக்கொள்ளவில்லை, செம்மொழியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

"இன்னுமா?" என்றாள் அவள்.

"இன்னுந்தான்" என்றான் மாறன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் காத்திருந்த காருக்கு அடியில் படுத்து, பார்த்ததை எழுதத் தாளை எடுத்தான்.